மருத்துவ ஆய்வுக்கு அறக்கட்டளைப் பணம்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்து மருத்துவர்களும் பி.ஜி. மாணவர்களும் ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது உடனிருந்து உதவுவது என் வேலை. அவர்கள் கேட்பது, நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் கேட்பது, ஆய்வில் சேரச்சொல்லி அழைக்கப்பட்ட நோயாளிகளும் உறவினர்களும் கேட்பது என்று மூன்று தரப்புக் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன.

அரசு இருக்கிறது, மருந்துக் கம்பெனிகள் இருக்கின்றன. அறக்கட்டளை எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

கம்பெனி தான் விற்கப்போகும் மருந்தைத்தான் சோதித்துப் பார்க்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அது வியாபாரம். ஆனால் காப்புரிமை முடிந்துபோன, யார் வேண்டுமானாலும் தயாரிக்கக்கூடிய, சில ரூபாய்க்குக் கிடைக்கும் மருந்து ஒன்று இன்னொரு நோய்க்கும் பலன் தருமா என்று பார்க்க எந்தக் கம்பெனிக்கும் அவசரம் கிடையாது. அந்த இடத்தில்தான் பொதுப்பணமும் அறக்கட்டளைப் பணமும் வேண்டியிருக்கிறது.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி 1960களில் கண்டுபிடித்தது. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, பல் பிடுங்கும்போது வரும் ரத்தம் என்று பல ஆண்டுகள் சின்னச் சின்ன வேலைகளுக்குப் பயன்பட்டது. விபத்தில் அடிபட்டு ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு இதைக் கொடுத்தால் உயிர் பிழைப்பாரா? இந்தக் கேள்விக்கு விடை காண கிராஷ்-2 என்ற ஆய்வு நடந்தது. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியர்கள். 2010இல் முடிவு வந்தது: இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைந்தது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. இதற்கு நிதி தந்தவர்களின் பட்டியலில் பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதியோடும் ஒரு மருந்துக் கம்பெனியோடும் புபா ஃபவுண்டேஷன், ஜே.பி. மோல்டன் அறக்கட்டளை ஆகிய பெயர்களும் இருக்கின்றன. பெங்களூர் சாலையிலோ கோவை சாலையிலோ அடிபட்டு வருபவருக்கு இன்றைக்கு அவசரப் பிரிவில் அந்த ஊசி போடப்படுவதற்குப் பின்னால், எங்கோ யாரோ கொடுத்த நன்கொடையும் இருக்கிறது.

அதே மருந்தைப் பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்குக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. 20,000 பெண்கள். அதற்கு வெல்கம் டிரஸ்ட்டும் கேட்ஸ் அறக்கட்டளையும் பணம் தந்தன. சீக்கிரம் கொடுத்தால் ரத்தப்போக்கால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது.

கிளினிக்கல் ஆய்வு என்றால் புது மருந்தைச் சோதிப்பது மட்டும்தானா?

இல்லை. இரண்டு பழைய சிகிச்சைகளை ஒப்பிடுவது, ஒரு அறுவைக்குப் பிறகு நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பது, நோயை முன்கூட்டியே கண்டறியும் ஒரு பரிசோதனை நிஜமாகவே உயிர் காக்கிறதா என்று பார்ப்பது எல்லாமே இதில் சேரும். மனிதர்களை நேரடியாக வைத்து, அவர்களுடைய சிகிச்சை பற்றிக் கேட்கப்படும் கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்தெந்த அறக்கட்டளைகள் இப்படிப் பணம் தருகின்றன?

உலக அளவில் பெரிய பெயர் வெல்கம் டிரஸ்ட். மருந்து வியாபாரத்தில் சம்பாதித்த ஹென்றி வெல்கமின் உயிலின்படி 1936இல் லண்டனில் தொடங்கியது. அதுவும் நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2008இல் தொடங்கியதுதான் இந்தியா அலையன்ஸ். ஹைதராபாத்தில் அலுவலகம். மருத்துவர்களுக்கென்றே கிளினிக்கல் மற்றும் பொதுச் சுகாதார ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை) வைத்திருக்கிறார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆய்வும் செய்ய நினைக்கும் ஒருவர் முதலில் படித்துப் பார்க்கவேண்டிய அறிவிப்பு அவர்களுடையதுதான் என்பது என் கருத்து.

உள்நாட்டில் டாடா அறக்கட்டளைகள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையை 1941இல் தொடங்கியது சர் டோராப்ஜி டாடா டிரஸ்ட். பிறகு அது மத்திய அரசிடம் போய், 1962இலிருந்து அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. அங்கிருந்து வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, கட்டியைச் சுற்றி லிடோகைன் ஊசி போடுவது, அவ்வளவுதான். மரத்துப்போவதற்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் போடும் அதே மருந்து. 11 மருத்துவமனைகளில் சுமார் 1,600 பெண்களிடம் செய்து பார்த்ததில், 5 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடிருப்பவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்தார்கள். லிடோகைன் விற்கும் யாரும் இதற்குச் செலவு செய்திருக்க மாட்டார்கள். அணுசக்தித் துறை செய்தது. அறம் வைத்த விதை அரசின் கையில் வளர்ந்த கதை இது.

சேலம் மாதிரி ஊரிலிருந்து கேட்டால் கொடுப்பார்களா? சென்னை, வேலூர்க்காரர்களுக்குத்தானே கிடைக்கும்?

பெரிய நிறுவனங்களுக்கு அனுபவமும் ஆள்பலமும் இருப்பதால் அவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது கேள்வியை. சேலத்து வார்டில் மட்டுமே எழக்கூடிய கேள்வி இருந்தால், அதற்குச் சேலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

பாம்புக்கடியைப் பாருங்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. நாம் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளின் விஷத்துக்காகச் செய்யப்படுவது. அந்த விஷத்தின் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் தன்மை மாறும். மலைப்பகுதிகளில் இருக்கும் குழிவிரியன்கள் அந்த நான்கில் சேராதவை. அப்படியென்றால் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும்போது கடிபட்டு ஏற்காட்டிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்படுபவருக்கு எத்தனை குப்பி மருந்து போட்டால் சரியாகிறது? சமவெளியில் கடிபட்டு வருபவருக்கும் அவருக்கும் வித்தியாசம் உண்டா? மலையிலிருந்து வந்துசேரும் நேரம் எவ்வளவு பாதிக்கிறது? இதற்கெல்லாம் விடை சேலத்து கேஸ் ஷீட்டுகளில்தான் இருக்கிறது. வெல்கம் டிரஸ்ட் 2019இல் பாம்புக்கடி ஆராய்ச்சிக்கென்றே 8 கோடி பவுண்டு ஒதுக்கியது. உலகம் கேட்க ஆரம்பித்துவிட்ட கேள்வி இது. நாம்தான் இன்னும் அதை எழுதி அனுப்பாமல் இருக்கிறோம்.

எளிய கேள்வியின் பலத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. இன்னொரு பிரிவினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டார்கள். ஓராண்டில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 'படுக்கை போதவில்லையே, என்ன செய்வது' என்ற சாதாரணக் கவலையிலிருந்து பிறந்த ஆய்வு, உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. அதற்குப் பணம் தந்தவை அறக்கட்டளைகள் அல்ல. மத்திய, மாநில அரசு அமைப்புகள், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். ஆனால் எந்த அறக்கட்டளையும் விரும்பக்கூடிய கேள்வி அதுதான்.

விண்ணப்பம் ஏன் தள்ளுபடி ஆகிறது?

நான் பார்த்தவரை முதல் காரணம், கேள்வி தெளிவாக இல்லாதது. 'சேலம் மாவட்டத்தில் நீரிழிவு பற்றிய ஆய்வு' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. யாரை, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து, எவ்வளவு நாள் கழித்துப் பார்க்கப்போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

இரண்டாவது, புள்ளியியல் நிபுணரைக் கடைசி வாரத்தில் தேடுவது. எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கணக்குதான் பட்ஜெட்டையும் காலத்தையும் தீர்மானிக்கிறது. அதைக் கடைசியில் ஒட்டவைத்தால் மதிப்பீட்டாளருக்கு உடனே தெரிந்துவிடும். அப்புறம், ஓ.பி.யில் இவ்வளவு பேர் வருகிறார்கள், எனவே இத்தனை பேர் சேருவார்கள் என்று கணக்குப் போடுவது. தகுதியானவர்கள் அதில் சிறுபகுதி; சம்மதிப்பவர்கள் அதிலும் சிறுபகுதி. மூன்று மாதம் ஒரு நோட்டில் எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை விண்ணப்பத்தில் எழுதுங்கள். அந்த நோட்டுக்கு இருக்கும் மதிப்பு அலங்கார வார்த்தைகளுக்குக் கிடையாது.

ஒருமுறை தள்ளுபடியானால் சோர்ந்துவிடாதீர்கள். மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் நல்ல ஆலோசனை அது.

பட்ஜெட்டில் எதைக் கேட்கலாம்?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஆட்களுக்குக் கேளுங்கள். பின்தொடர்வதற்குக் கேளுங்கள்.

நம் மருத்துவர்கள் பட்ஜெட் எழுத உட்கார்ந்தால் முதல் வரியில் ஒரு மெஷின் வந்துவிடுகிறது. ஆனால் ஆய்வைத் தூக்கி நிறுத்துவது, நோயாளியிடம் பொறுமையாக விளக்கி ஒப்புதல் வாங்கும் ஒரு நர்ஸ், விவரங்களைப் பிழையில்லாமல் பதிவு செய்யும் ஒருவர், ஆறு மாதம் கழித்து 'எப்படி இருக்கீங்க, நாளைக்கு வர முடியுமா' என்று போன் செய்யும் ஒருவர். இவர்கள் இல்லாத ஆய்வில் நோயாளிகள் ஒவ்வொருவராக விடுபட்டுப் போவார்கள். கடைசியில் பாதிப்பேரின் நிலைமை தெரியாமல் முடிவு எழுதவேண்டி வரும். அப்படிப்பட்ட முடிவை யாரும் நம்ப முடியாது.

நாகலூரிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி மறுபரிசோதனைக்கு வரவேண்டும் என்று வையுங்கள். ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலம் வந்து, காத்திருந்து, திரும்பிப் போவதற்குள் அன்றைய கூலி போய்விடும். கூட வருபவரின் கூலியும் சேர்த்துப் போகும். பஸ் செலவையும் கூலி இழப்பையும் சாப்பாட்டையும் பட்ஜெட்டில் எழுதுவது நியாயமானது. ஆய்வு முறையாக நடக்கிறதா, நோயாளிக்குப் பாதுகாப்பா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கொள்ளும் செலவுதான் அது. அதைவிடவும் நல்ல வழி, நர்ஸ் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஒரு தொகை கேட்பது.

காப்பீட்டுத் தொகை, பரிசோதனைக் கட்டணம், புள்ளியியல் நிபுணரின் ஊதியம், நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கு அந்த அறக்கட்டளை அனுமதிக்கும் சதவீதம் ஆகியவையும் மறக்காமல் இருக்க வேண்டும்.

எங்கள் குடும்ப டிரஸ்ட் வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஏதாவது வாங்கித் தருகிறது. ஆய்வுக்குக் கொடுத்தால் கண்ணுக்கு என்ன தெரியும்?

நல்ல கேள்வி, மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. டயாலிசிஸ் மெஷினில் 'உபயம்' என்று பெயர் எழுதலாம்; அது தேவையான தானம்தான், நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆய்விலும் கொடுத்தவர் பெயர் உண்டு. முடிவு வெளியாகும் கட்டுரையின் இறுதியில் யார் நிதி தந்தார்கள் என்று அச்சிடுவார்கள். அந்த வரி உலகம் முழுக்கப் போகும்.

சின்னத் தொகையால் என்ன ஆகும் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்துக்கு எதிராக 1938இல் தொடங்கிய அறக்கட்டளைக்கு மக்கள் பத்து சென்ட் நாணயங்களைத் தபாலில் அனுப்பினார்கள். அந்தப் பணம்தான் ஜோனஸ் சால்க் என்ற மருத்துவர் உருவாக்கிய போலியோ தடுப்பூசிக்கும், 1954இல் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற ஆய்வுக்கும் செலவானது. மறு ஆண்டு ஏப்ரல் 12 அன்று தடுப்பூசி பலன் தருகிறது என்று அறிவித்தார்கள்.

கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, விசைத்தறி, மாக்னசைட் சுரங்கம் என்று உழைத்துப் பிழைக்கும் ஊர் இது. சூடு, புகை, தூசி, இரைச்சலுக்கு நடுவே வேலை செய்பவர்களின் நுரையீரலும் காதும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க, ஒரு முன்னோட்ட ஆய்வு போதும். ஒரு நர்ஸின் ஓராண்டுச் சம்பளமும் பரிசோதனைச் செலவும் ஒரு குடும்ப டிரஸ்ட்டால் தாங்கக்கூடியதே. அந்த முன்னோட்டத்தின் கணக்கை வைத்துத்தான் பெரிய அறக்கட்டளையிடம் பெரிய தொகை கேட்க முடியும். முதல் படிக்குப் பணம் தர ஆளில்லாததால்தான் இங்கே பல நல்ல கேள்விகள் தீசிஸ் அலமாரியிலேயே நின்றுவிடுகின்றன.

'பலன் இல்லை' என்று முடிவு வந்தால் கொடுத்த பணம் வீண்தானே?

வீணே அல்ல. வயலில் இலையோ குச்சியோ கண்ணில் பட்டு வரும் பூஞ்சைப் புண்ணுக்கு, நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தும் வோரிகோனசோல் என்ற புதிய மருந்தும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்ற ஓர் ஆய்வில் ஒப்பிடப்பட்டன. 323 நோயாளிகள். புதியது ஜெயிக்கும் என்று பலர் நினைத்தார்கள். 2013இல் வந்த முடிவு பழையதற்கே சாதகமாக இருந்தது. புதிய மருந்து பழையதைவிடப் பலன் தரவில்லை என்று தெரிந்ததால் எத்தனை விவசாயிகளின் கண் தப்பியிருக்கும்! அமெரிக்காவின் தேசிய கண் நிறுவனம் பணம் தந்த ஆய்வு அது. நன்கொடையாளர் கேட்கவேண்டியது, முடிவு எதுவாக இருந்தாலும் வெளியிடுவீர்களா என்று. 'ஆம்' என்று எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டு அறக்கட்டளையின் பணத்தை நேரடியாக வாங்கலாமா?

வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட்டோ தனியார் கல்லூரியோ வாங்கக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றித் தரக்கூடாது. ஆகவே 'பெங்களூரில் தெரிந்த டிரஸ்ட் வாங்கி நமக்கு அனுப்பட்டும்' என்ற யோசனை இப்போது நடக்காது. வெளிநாட்டு நிதியோடு நடக்கும் சுகாதார ஆய்வுகளுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழியாகச் சுகாதார அமைச்சகக் குழுவின் அனுமதியும் வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும் என்று கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

வரிச்சலுகை உண்டா?

நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவுள்ள அமைப்புக்குக் கொடுத்தால், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தும் தரலாம்.

எங்க அப்பாவை ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2009-10இல் ஆந்திராவிலும் குஜராத்திலும் கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தில் பள்ளி மாணவிகளுக்கு எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும்) தடுப்பூசித் திட்டம் நடந்தது. பல இடங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. பணம் தர்மப் பணமாக இருப்பதாலேயே எல்லாம் தர்மமாக நடந்துவிடாது.

இன்றைய நிலை இது. 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி எத்திக்ஸ் கமிட்டியில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், மருத்துவம் சாராத ஒரு பொதுஜனம் கட்டாயம். அப்பாவுக்குப் புரியும் தமிழில் படிவம் தரவேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னால் படித்துக் காட்டி விளக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லலாம். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. மருந்துச் சோதனையில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், அந்த ஆய்வால்தான் பாதிப்பு என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: 'இதில் சேராவிட்டால் அப்பாவுக்கு என்ன சிகிச்சை தருவீர்கள்?' தெளிவான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.

பணம் கொடுப்பவர் முடிவை வளைக்க முடியுமா?

முயற்சி நடக்கலாம். அதனால் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கிறதா என்று பாருங்கள்: தரவு ஆய்வாளரிடம் இருக்கும், வெளியிட நன்கொடையாளரின் அனுமதி தேவையில்லை. முதல் நோயாளி சேரும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுகளின் இணையப் பதிவேட்டில் ஆய்வைப் பதிவு செய்ய வேண்டும். 2007இல் தொடங்கிய அந்தப் பதிவேடு 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளுக்குக் கட்டாயம். எதை அளக்கப்போகிறோம் என்று முன்பே அங்கே எழுதிவிட்டால், பிறகு சாதகமானதை மட்டும் பொறுக்கிச் சொல்வது கடினம். சேலத்துக் குடும்ப டிரஸ்ட்டாக இருந்தாலும், லண்டன் டிரஸ்ட்டாக இருந்தாலும் இதே விதிதான்.

நான் பங்கேற்ற ஆய்வின் முடிவை எனக்குச் சொல்வார்களா?

பெரும்பாலும் யாரும் தேடி வந்து சொல்வதில்லை. அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஒப்புதல் படிவத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் சி.டி.ஆர்.ஐ. எண் இல்லையென்றால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது, யார் பணம் தந்தார்கள் என்று யாரும் பார்க்கலாம். விண்ணப்பம் எழுதும் மருத்துவர்களிடம் நான் தவறாமல் சேர்க்கச் சொல்லும் வரி ஒன்று உண்டு: ஆய்வு முடிந்ததும் பங்கேற்றவர்களின் ஊருக்கே போய், ஊர்ப் பொது இடத்தில் உட்கார்ந்து, முடிவைத் தமிழில் சொல்வதற்கான செலவு. வண்டி, டீ, அச்சிட்ட ஒரு பக்கத் தாள் என்று சின்னத் தொகைதான். இதுவரை எந்த அறக்கட்டளையும் அந்த வரியை வெட்டி நான் பார்த்ததில்லை.